பாட்டுக்கடை எங்கே இருக்கிறது?

(திருவண்ணாமலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று நான் பேசப்போவது கடை தேடுவதைப் பற்றி. நகைக்கடை இல்லை, ஜவுளிக்கடை இல்லை. பாட்டு விற்கிற கடை. இசைத்தட்டு, கேசட், சி.டி. விற்கிற கடை. பெரிய கம்பெனியின் கிளையாக இல்லாமல், தன் கைக்காசைப் போட்டு, தன் காதை நம்பி, ஒரு தனி மனிதர் நடத்துகிற கடை. அப்படிப்பட்ட நல்ல கடையை ஓர் ஊரில் எப்படிக் கண்டுபிடிப்பது? குறிப்பாக, இந்தத் திருவண்ணாமலையில் எப்படிக் கண்டுபிடிப்பது?

"இந்தக் காலத்தில் பாட்டுக்குக் கடையா? சட்டைப்பையில் செல்போன் இருக்கிறதே" என்று உங்களில் பாதிப்பேர் மனசுக்குள் கேட்டுவிட்டீர்கள். நியாயமான கேள்விதான். செல்போனில் திருவெம்பாவை என்று தட்டுங்கள். நொடியில் நூறு வந்து நிற்கும். எது முதலில் வரும்? ஊர் உலகமெல்லாம் அதிகம் கேட்டது எதுவோ அது வரும். இப்போது ஒரு நல்ல கடைக்குப் போய் அதையே கேளுங்கள். கடைக்காரர் உடனே எடுத்துக் கொடுக்க மாட்டார். "யார் பாடினது வேணும்? ஓதுவார் பண்ணோட பாடினதா, கச்சேரி வித்வான் பாடினதா? கோயில் ஸ்பீக்கர்ல போடவா, வீட்ல உக்காந்து கேக்கவா?" என்று திருப்பிக் கேட்பார்.

திருப்பிக் கேட்கிறார் பாருங்கள், அதுதான் கடை. அலமாரி எவ்வளவு பெரிது, விலை எவ்வளவு குறைவு என்பதெல்லாம் பிறகு. வாங்க வந்தவனிடம் ஒரு கேள்வி கேட்கத் தெரிந்தவர் உட்கார்ந்திருந்தால் அது நல்ல கடை. இன்று முழுக்க நான் சொல்லப்போவது இந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் இதற்கு உதாரணம்.

சரி, திருப்பிக் கேட்கிற அளவுக்கு இந்த ஊரில் என்ன சரக்கு இருக்கிறது? ஐயா, எவ்வளவோ இருக்கிறது! மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய ஊர் இது. அருணகிரிநாதர் எங்கள் ஊர்க்காரர் என்று நாம் உரிமை கொண்டாடுகிற ஊர் இது. வல்லாள மகாராஜா கோபுரத்திலிருந்து குதித்த அவரை முருகன் தாங்கிக்கொண்டான் என்பது நம் பாட்டிமார் சொன்ன கதை. அந்த அருணகிரியின் பாட்டு நம்மிடம் இருக்கிறது. சந்தம் அதிலேயே துள்ளுகிறது. ஆனால் அவர் எந்த மெட்டில் பாடினார்? அது நம் கைக்கு வந்து சேரவில்லை. 1964-இல் 'அருணகிரிநாதர்' என்று ஒரு படம் வந்தது. டி.எம்.சௌந்தரராஜனே அருணகிரியாக நடித்தார், அவரே பாடினார். அதில் வருகிற 'முத்தைத்தரு' திருப்புகழின் இசைத்தட்டு வீட்டுக்கு வீடு, கோயிலுக்குக் கோயில் சுழன்றது. இன்று பள்ளிக்கூடப் போட்டியில் ஒரு குழந்தை திருப்புகழ் பாட எழுந்து நின்றால் எந்த மெட்டில் பாடுகிறது? பெரும்பாலும் அந்தச் சினிமா மெட்டில்தான். தொலைந்துபோன ஒரு மெட்டின் இடத்தில் ஒரு தட்டு வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தத் தட்டை விற்ற பாட்டுக்கடை எவ்வளவு பெரிய காரியத்தைச் சத்தமில்லாமல் செய்துவிட்டது, பார்த்தீர்களா?

இன்னும் உண்டு. ரமண மகரிஷியின் அட்சரமணமாலை, 108 கண்ணிகள். இளையராஜா எழுதி இசையமைத்த 'ரமண மாலை' தொகுப்பு. தருமபுரம் சுவாமிநாதன் ஓதிய தேவாரம். காங்கேயநல்லூரில் பிறந்து, பழைய வடாற்காட்டின் செல்லப்பிள்ளையாக இருந்த கிருபானந்த வாரியார் சுவாமிகளின் கதாகாலட்சேபக் கேசட்டுகள். வாரியார் சுவாமி 1993-இல் மறைந்துவிட்டார். ஆனால் ஒரு டேப்ரிக்கார்டரும் நல்ல கேசட்டும் இருந்தால் இன்றைக்கும் அவர் உங்கள் திண்ணையில் உட்கார்ந்து உங்களைச் சிரிக்க வைப்பார்.

எல்லாவற்றுக்கும் மேலே கூத்து. நம் மாவட்டத்துப் புரிசை, தெருக்கூத்துக்கு உலகம் அறிந்த ஊர். கண்ணப்ப தம்பிரான் பெயரைச் சொன்னால் டில்லியில் இருப்பவர்களுக்கும் தெரியும். விடிய விடிய நடக்கிற கர்ண மோட்சம், பம்பை உடுக்கைப் பாட்டு, அங்காளம்மன் வர்ணிப்பு. இவற்றையெல்லாம் பெரிய கம்பெனிகள் தேடி வந்தா பதிவு செய்தன? இல்லை. சின்னச் சின்ன ஆட்கள் கேசட்டாகவும், பிறகு வி.சி.டி.யாகவும் போட்டார்கள். விற்றது யார்? பேருந்து நிலையத்து ஓரக் கடைக்காரர். மேல்மலையனூர் அமாவாசைக்குத் தரையில் படுதா விரித்து விற்றவர். அந்த ஆள் இல்லை என்றால் அந்தச் சத்தமே வெளியில் வந்திருக்காது.

இவ்வளவு செல்வம் இருக்கிற ஊரில், பௌர்ணமி இரவில் நம் காதில் விழுவது என்ன? 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. லட்சக்கணக்கில் ஜனம். வழியெல்லாம் கடை. கடைக்கு ஒரு ஸ்பீக்கர். எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே நாமம், ஒரே சின்தசைசர், ஒரே தபலா லூப்! நான் பக்தியைக் குறை சொல்லவில்லை, தயவுசெய்து சண்டைக்கு வந்துவிடாதீர்கள். கடையைத்தான் குறை சொல்கிறேன். இந்திர லிங்கத்திலிருந்து ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கத்துக்கும் ஒரே பாட்டு என்றால், அந்தக் கடைகளில் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை என்றுதானே அர்த்தம்? மொத்த வியாபாரி கொடுத்த பென்டிரைவ் தேர்ந்தெடுத்தது. உரிமையாளர் தனி ஆளாக இருந்தால் மட்டும் அது தனிக்கடை ஆகிவிடாது. காதும் தனியாக இருக்க வேண்டும்.

கொஞ்சம் பின்னே போவோம். பாட்டு எப்படி விற்கிற பொருளாக ஆனது?

பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு அரக்கு மாளிகை தெரியும். பாண்டவர்களைக் கொளுத்தத் துரியோதனன் கட்டியது. அதே அரக்கில்தான் பழைய இசைத்தட்டும் செய்தார்கள். மரக்கிளையில் பூச்சி சுரக்கிற பிசின் அது. அதோடு கல்மாவும் கரியும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் தட்டு. உலகத்துக்கு அரக்கு கொடுத்ததில் பெரும்பங்கு நம் தேசத்துடையது. 1902 நவம்பரில் ஃபிரெட் கைஸ்பர்க் என்ற பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியவர்களைப் பாடவைத்துப் பதிவு செய்தார். பதிவைக் கப்பலில் ஏற்றி ஜெர்மனியின் ஹானோவருக்கு அனுப்பி, அங்கே தட்டாக்கித் திரும்ப இங்கே கொண்டுவந்து நமக்கே விற்றார்கள். அரக்கும் நம்முடையது, குரலும் நம்முடையது, லாபம் மட்டும் வேறு ஊருக்கு! 1908-இல்தான் கல்கத்தா சியால்தாவில் ஆலை வந்தது.

பத்து அங்குலத் தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். அரை மணி நேரம் ராகம் பாடுகிறவர்களை மூன்று நிமிடத்துக்குள் அடங்கச் சொன்னால்? அடங்கினார்கள்! சேலம் கோதாவரி, கோயமுத்தூர் தாயி, பிறகு கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள், எஸ்.ஜி.கிட்டப்பா. கிட்டப்பா 1933-இல் இறந்தபோது அவருக்கு வயது 27. சினிமாவில் அவர் முகம் இல்லை. நாடகக் கொட்டகையில் அவரைக் கேட்டவர்களும் போய்விட்டார்கள். இன்று அவர் குரல் நமக்கு இருக்கிறது என்றால், எவரோ ஒரு கடைக்காரர் அந்தத் தட்டை விற்றதால், எவரோ ஒருவர் அதை உடையாமல் வைத்திருந்ததால். ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் படம் எடுக்கிறதற்கு முன்னால் என்ன வியாபாரம் செய்தார் என்று நினைக்கிறீர்கள்? சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில் இசைத்தட்டு வியாபாரம்தான். தமிழ் சினிமாவின் ஒரு பெரிய ஸ்டூடியோ, பாட்டுக்கடைக்குள்ளிருந்து பிறந்து வந்தது.

ஆனால் நம் ஊர்ப் பக்கம், போளூரிலும் செங்கத்திலும் தண்டராம்பட்டிலும், அந்தக் காலத்தில் கிராமபோன் பெட்டி வாங்க யாரால் முடிந்தது? மிட்டா மிராசு வீட்டில் ஒன்று இருக்கும். அவ்வளவுதான். அப்படியானால் ஜனங்கள் எப்படிக் கேட்டார்கள்? மைக் செட்டில் கேட்டார்கள்! ரேடியோ செட் என்றும் சொல்வோம். தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர், அகூஜா ஆம்ப்ளிஃபையர், ஒரு தகரப்பெட்டி நிறைய ரிக்கார்டு. நம் பக்கத்து ஊர்களின் முதல் பாட்டுக்கடை விற்கிற கடையே இல்லை. வாடகைக்கு விடுகிற கடை.

அந்த மைக் செட்காரரைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். அதிகாலையில் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார். பிறகு டி.எம்.எஸ். முருகன். பெண்ணழைப்புக்கு ஒரு பாட்டு, தாலி கட்டி முடிந்ததும் ஒரு பாட்டு, பந்திக்கு வேறு. ஆடி மாதமானால் எல்.ஆர்.ஈஸ்வரி, கூழ் ஊற்றுகிற இடத்தில் அந்தக் குரல் இல்லாமல் அம்மனே வரமாட்டாள். மத்தியானம் கூட்டம் சோர்கிற நேரத்தில் 'திருவிளையாடல்' கதை வசனம். எதற்குப் பின்னால் எது என்பது அவருக்கு மட்டும் தெரிந்த சாஸ்திரம். பால் கிரீன் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில், கேசட் போடுவதையே ஒரு வழிபாட்டு நிகழ்ச்சியாகக் கொண்டு ஆராய்ந்து, 1999-இல் கட்டுரை எழுதினார். நாம் பக்கத்து வீட்டுக்காரரை அதட்டிக்கொண்டிருந்தோம், "டேய், சவுண்டைக் கொற!" என்று. கிரீன் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

இனி நான் கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிற இடத்துக்கு வருகிறேன். ரெக்கார்டிங் சென்டர். ஐம்பது வயது தாண்டியவர்களின் முகத்தில் இப்போதே ஒரு சிரிப்பு தெரிகிறது!

கேசட்டை பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் கொண்டுவந்தது. நம் ஊர்களில் அது வெள்ளமாகப் பாய்ந்தது 1980-களில். இளையராஜா உச்சத்தில் இருந்த காலம். சங்கீதா, எக்கோ, இன்ரிகோ என்று கம்பெனிக் கேசட்டுகள் ஒரு பக்கம். ஆனால் நமக்கு வேண்டியது ஒரே படத்துப் பாட்டு இல்லையே! பத்துப் படத்திலிருந்து பொறுக்கிய பாட்டு அல்லவா? அதற்குத்தான் ரெக்கார்டிங் சென்டர். கோடு போட்ட நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு, ஒரு வெற்று டி.டி.கே. கேசட்டோடு போவோம். கடைக்காரர் பட்டியலை வாங்கி மேலிருந்து கீழே பார்ப்பார். உதடு அசையும். கணக்குப் போடுகிறார். அறுபது கேசட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். "ஒரு பக்கத்துக்கு ஏழு பாட்டுதான் நிக்கும். ஒண்ணரை நிமிஷம் மிச்சம் வருது, ஒரு மியூசிக் பிட்டு போட்டுடட்டுமா?" என்பார். அடுத்த கேள்வி: "என்ன தம்பி, ஏழும் சோகமா எழுதியிருக்க? நடுவுல ரெண்ட மாத்திப் போடறேன், கேட்டுட்டுச் சொல்லு."

பிறகு எல்.பி. இசைத்தட்டை உறையிலிருந்து எடுப்பார். விரல் பாட்டுப் பள்ளத்தில் படாது. கட்டைவிரல் விளிம்பில், மற்ற விரல் நுனிகள் நடு லேபிளில். மெல்லிய பிரஷ்ஷால் முள்ளை ஒரு தட்டு. ஆம்ப்ளிஃபையரில் பச்சை விளக்குகள் ஏறி இறங்கும். சிவப்பைத் தொட்டால் குமிழை ஒரு மயிரிழை குறைப்பார். பாட்டு முடிகிற நேரத்தில் யாரும் பேசக்கூடாது, பேசினாலும் பதிவாகாது, ஆனாலும் பேசக்கூடாது! கடைசியில் உறைக்குள் இருக்கிற அட்டையில் நீல மசியில் பாட்டு, சிவப்பு மசியில் படம். எல்லாம் முடிந்ததும் கேசட்டின் முதுகில் இருக்கிற இரண்டு பிளாஸ்டிக் பல்லை ஸ்க்ரூடிரைவர் நுனியால் பட்டென்று உடைத்துவிடுவார். அதற்குமேல் யாரும் தெரியாத்தனமாக அழித்துப் பதிய முடியாது. என்ன கவனம் பாருங்கள்!

சட்டம் தெரிந்தவர்கள் சிரிக்கிறார்கள். உண்மைதான். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி அந்தக் கடைகளில் பெரும்பாலானவை செய்தது தப்பு. பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் அதில் ஒரு பைசா போகவில்லை. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் இந்த ஊர்களில் ஒரு தலைமுறைக்குப் பாட்டுக் கேட்கச் சொல்லிக்கொடுத்த வாத்தியார்கள் அவர்கள் என்பதையும் மறைக்க மாட்டேன்.

அப்புறம் என்ன நடந்தது? உங்களுக்கே தெரியும். நூற்றைம்பது பாட்டு ஒரே எம்.பி.3 தட்டில் வந்தது. பிறகு "மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்" என்று ரீசார்ஜ் கடைகளில் அட்டை தொங்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, அட்டையையும் கழற்றிவிட்டார்கள். பெரிய கடைகளும் தப்பவில்லை. நாடெங்கும் கிளை பரப்பியிருந்த மியூசிக் வேர்ல்ட் 2013-இல் மூடியது. மும்பையின் பெருமையாக இருந்த ரிதம் ஹவுஸ் 2016-இல் மூடியது. சென்னையில் பழைய தட்டுக்குப் பேர்போன மூர் மார்க்கெட்டை நெருப்பு 1985-இலேயே கொண்டுபோய்விட்டது.

ஆனால் உலகம் ஒரே பக்கமாகப் போகவில்லை. அமெரிக்காவில் 2008-இல் தனிக்கடைக்காரர்கள் சேர்ந்து ஆண்டுக்கு ஒருநாள் இசைத்தட்டுக் கடை நாள் என்று கொண்டாட ஆரம்பித்தார்கள். 2022-இல் அந்த நாட்டில் விற்ற இசைத்தட்டுகளின் எண்ணிக்கை சி.டி.க்களைத் தாண்டியது, 1987-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. இங்கே 2017-இல் சரிகம கம்பெனி பழைய பாட்டுகளை ஒரு ரேடியோப் பெட்டியில் ஏற்றி, கார்வான் என்று விற்றது; தமிழ்ப் பெட்டியும் வந்தது. தாத்தா பாட்டிக்குப் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தார்கள். நல்ல பெட்டிதான். ஆனால் அதிலும் தேர்ந்தெடுத்தவர் வேறு யாரோ.

சரி, இன்று திருவண்ணாமலையில் தேட வேண்டும். எங்கே போவது? யாரைக் கேட்பது?

முதலில் எப்போது போகக்கூடாது என்று சொல்கிறேன். பௌர்ணமிக்குப் போகாதீர்கள். கார்த்திகை தீபத்துக்குப் போகாதீர்கள். அன்றைக்குக் கடைக்காரருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. உங்களுக்கு நெய் விளக்குத்தான் கிடைக்கும். சாதாரண நாளில், மத்தியானம் கோயில் நடை சாத்தியிருக்கும் நேரத்தில் போங்கள். சன்னதித் தெருவும் தேரடி வீதியும் அசந்து கிடக்கும். ருத்ராட்சமும் சாமி படமும் விற்கிற கடைகளில், ஸ்தல புராணப் புத்தகங்களுக்குப் பின்னால், தூசு படிந்த சி.டி. ஸ்டாண்டு ஒன்று சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கும். அதைத் திருப்பச் சொல்லுங்கள்.

போனதும் "பழைய ரிக்கார்டு இருக்கா?" என்று கேட்காதீர்கள். இல்லை என்று பதில் வரும். அல்லது விலை மூன்று மடங்காகும். ஒரு பாட்டைக் கேளுங்கள், ஒரு பெயரைக் கேளுங்கள். "கந்த சஷ்டி கவசம், சூலமங்கலம் சகோதரிகள் பாடினது, அந்தப் பழைய பதிவு இருக்குங்களா?" அந்தக் கவசத்தை எத்தனையோ பேர் பாடிவிட்டார்கள். "எல்லாம் ஒண்ணுதாங்க" என்றால் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கடைக்கு நகருங்கள். "இது வெர்ஷன் சார், ஒரிஜினல் இல்ல, சொல்லிட்டே குடுத்துடறேன்" என்றால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுங்கள். கையில் சரக்கு இல்லாவிட்டாலும் அவர்தான் உங்கள் ஆள்.

அட்சரமணமாலை பாராயணம் வேண்டுமானால் அலையவே வேண்டாம். செங்கம் சாலையில் ரமணாசிரமத்துப் புத்தக நிலையம் இருக்கிறது. அந்தச் சாலையில் வேறொன்றும் உண்டு. வருஷாவருஷம் வந்து மாதக்கணக்கில் தங்குகிற வெளிநாட்டுக்காரர்கள். அவர்களில் இசைத்தட்டுப் பைத்தியம் பிடித்தவர்கள் நம்மைவிட நம் ஊரை நன்றாகச் சலித்து வைத்திருப்பார்கள். கூச்சப்படாமல் பேச்சுக் கொடுங்கள்.

ஆனால் இசைத்தட்டுக்கு, உண்மையான கறுப்புத் தட்டுக்கு, என் முதல் விலாசம் இன்றும் மைக் செட்காரர்தான். இப்போது அவர் பெயர்ப்பலகையில் ஒலி ஒளி, பந்தல், டி.ஜே. என்று இருக்கும். மகன் நடத்துவார். அப்பா உள்ளே சாய்வு நாற்காலியில் இருப்பார். அப்பாவிடம் பேசுங்கள். தகரப்பெட்டி பரணில் இருக்கும். அவர் விற்க மாட்டார், கவலைப்படாதீர்கள். கேட்க விடுவார். அதைவிடப் பெரிய உதவி ஒன்றும் செய்வார். அந்தக் காலத்தில் யாரிடம் வாங்கினார், எந்தத் தெருவில் எந்தக் கடை, அந்தக் கடைக்காரர் இப்போது எங்கே, எல்லாம் வரிசையாகச் சொல்வார். ஒரு வட்டாரத்தின் பாட்டுக்கடைகளுக்கு வரைபடம் செல்போனில் இல்லை. அந்த நாற்காலியில் இருக்கிறது.

காயலான் கடை? போகலாம். ஆனால் அங்கே தட்டுகள் வந்து சேர்கிற கோலம் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். இரும்புக்கு நடுவே கிடக்கும்.

கிடைத்த தட்டை எப்படிப் பார்த்து வாங்குவது? இது நெருப்புத் தலம். அக்கினி நட்சத்திரத்தில் மலையிலிருந்து அனல் இறங்குகிற ஊர். வெயில் விழுகிற இடத்தில் எல்.பி.யைச் சாய்த்து வைத்திருக்கிற கடையில் வாங்காதீர்கள், அப்பளம் மாதிரி நெளிந்திருக்கும். தட்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கி விளிம்பைப் பாருங்கள், நெளிவு தெரியும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், கீறல் தெரியும். கண்ணுக்குத் தெரிகிற கீறல் எல்லாம் ஆபத்தில்லை. நகத்தில் தட்டுப்படுகிற கீறல்தான் பாட்டைத் திக்க வைக்கும். நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் ஏராளமாக இருந்தால், அந்தத் தட்டு ஏகப்பட்ட கல்யாணம் பார்த்தது என்று பொருள்.

பழைய 78 தட்டு என்றால் விரல் கணுவால் மெதுவாகத் தட்டுங்கள். கணீரென்றால் முழுசு. சொத்தையாகக் கேட்டால் உள்ளே விரிசல். அழுக்கைத் துடைக்க ஸ்பிரிட் போடவே போடாதீர்கள்! தச்சு வேலை தெரிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே மரத்துக்குப் பாலிஷ் போடுகிறோம்? தட்டும் அரக்குத்தானே? துடைத்தால் கிட்டப்பாவே கரைந்து வந்துவிடுவார். இன்னொன்று, 78 தட்டின் பள்ளம் எல்.பி. பள்ளத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். அதற்குத் தனி முள் வேண்டும். எல்.பி.யைக் கொண்டுபோய்க் கிராமபோன் பெட்டியின் இரும்பு முள்ளுக்குக் கீழே வைத்தால் ஒரே சுற்றில் காலி. விற்கிறவர் இதைத் தானாகச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். சொன்னால் நல்ல கடை.

கேசட்டில் பார்க்க வேண்டியது குறைவு. நாடாவின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை இருந்தால் வேண்டாம். நாடாவுக்குப் பின்னால் இருக்கிற சின்னப் பஞ்சுத்துண்டு விழுந்திருந்தால் சத்தம் மங்கும். ஸ்க்ரூ போட்ட கேசட்டானால் கழற்றி மாற்றிவிடலாம்.

நல்ல கடை என்றதும் சிரித்த முகத்தோடு ஒருவர் இருப்பார் என்று கற்பனை செய்யாதீர்கள். பாதிப்பேர் சிடுமூஞ்சிகள்! ஒருவர், பெயரும் ஊரும் வேண்டாம், நான் ஒரு வாரியார் கேசட்டை எடுத்து விலை கேட்டதற்கு, "இதுல ரெண்டாவது பக்கம் பாதியில நிக்கும், தெரிஞ்சு வாங்கறியா தெரியாம வாங்கறியா?" என்று அதட்டினார். வேறு யார் இப்படி வியாபாரம் செய்வார்கள்? அவரிடம்தான் இன்றும் வாங்குகிறேன்.

சேர்த்து வைத்தவர்களையும் சொல்ல வேண்டும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய அச்சோடு பழைய இசைத்தட்டும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. வி.ஏ.கே.ரங்காராவ் என்ற ரசிகர் ஆயுள் முழுக்க ஆயிரக்கணக்கில் 78 தட்டுகளைச் சேர்த்தார். தியடோர் பாஸ்கரன் கிராமபோன் தட்டுகளில் சுதந்திரப் போராட்டப் பாட்டைத் தேடி எழுதினார். இவர்கள் எல்லோருக்கும் சரக்கு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் பழைய கடைகளிலிருந்தும் வீட்டுப் பரண்களிலிருந்தும்தான். கூத்து கேசட்டும், உடுக்கைப் பாட்டு வி.சி.டி.யும் அப்படி யார் கைக்காவது போய்ச் சேர்ந்தால்தான் உண்டு. நாடா ஒட்டிப் போவதற்கு நம் ஊர் வெயிலில் அதிக வருஷம் ஆகாது.

அதனால் உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். வெளியே வாசல் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். உங்களுக்குத் தெரிந்த பாட்டுக்கடை, மைக் செட், ரெக்கார்டிங் சென்டர், மூடியதோ திறந்ததோ, எந்தத் தெரு, எந்த ஊர், எந்த வருஷம் வாக்கில், என்ன பாட்டுக்குப் பேர்போனது என்று எழுதிவிட்டுப் போங்கள். கீழ்பென்னாத்தூர், வேட்டவலம், கலசபாக்கம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் கட்டாயம் எழுத வேண்டும். அந்தப் பக்கத்துக் கடைகளைப் பற்றி இங்கே பேசுவாரே இல்லை. வீட்டில் தட்டோ கேசட்டோ இருந்தால் படுக்கப் போடாமல் நிற்க வையுங்கள், வெயில் படாமல் வையுங்கள், கூத்து கேசட்டாக இருந்தால் எந்த ஊர் ஜமா, அதாவது எந்தக் கூத்துக் குழு, யார் வாத்தியார் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உறைக்குள் போடுங்கள். பெரும்பாலான உறைகளில் அது அச்சாகவே இல்லை.

நோட்டுக்குப் பக்கத்தில் பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம்.